நாலாம் அறையில் ஒரு பசித்த சிப்

அத்தியாயம் 9

'டக்.'

அந்தச் சின்னச் சத்தத்துக்குக் கிப்போவின் பெருத்த உடம்பு ஒருமுறை துள்ளி அடங்கியது. திரும்பிப் பார்த்தான். இத்தனை நேரம் அரைவாசி திறந்து கிடந்த இழுவைக் கதவு இப்போது முழுசாகச் சாத்தியிருந்தது.

"பாஸ், கதவைச் சாத்தினது நீங்கதானே?"

"நான் இங்க நிக்கறேன், கதவு அங்க இருக்கு. என் கை அவ்வளவு நீளமா?" என்றாள் மார்னி குவாரெல், டார்ச்சைச் சுவரிலிருந்து எடுக்காமலே.

"இல்லைன்னு தெரியும். ஒரு ஆசைக்குக் கேட்டேன்."

கிப்போ கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தான். அதற்கும் அசையவில்லை. ஹுவான்வில் கால்பந்து இரண்டாம் அணிக்காகப் பல வருஷம் ஆடிய தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்தான். கதவு கம்மென்று இருந்தது. தோள்தான் விண்விண் என்று தெறித்தது.

அப்போதுதான் கூரைக் குழாயிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கிளம்பியது.

"பாஸ்... அது என்னன்னு மட்டும் சொல்லாதீங்க."

"நைட்ரஜன்."

"சொல்லாதீங்கன்னுதானே சொன்னேன்!"

ஹுவான் பள்ளத்தாக்கில் இந்த மாதிரி அறைகளில்தான் ஆப்பிளைத் தூங்க வைப்பார்கள். மரப்பெட்டிகளைக் கூரை தொடும்வரை அடுக்கி, குளிரைக் கூட்டி, ஆக்சிஜனை விரட்டிவிட்டு நைட்ரஜனை நிரப்பினால், இலையுதிர் காலத்தில் பறித்த ஆப்பிள் கோடை வந்தாலும் நேற்றுப் பறித்த மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். ஆப்பிளுக்கு அது தூக்கம். மனிதனுக்கும் தூக்கம்தான், எழுப்ப முடியாத தூக்கம். மூன்று வாரத்துக்கு முன் தோட்டத்துச் சொந்தக்காரர் மெர்வ் பிக்னெல் இதே நாலாம் அறையில், ஒரு ஆப்பிளைக் கையில் பிடித்தபடி செத்துக் கிடந்தார்.

கொன்றது, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ திருட்டுத்தனமாகப் பொருத்திவிட்டுப் போன ஒரு டப்பா. அது அனுமதித்தால்தான் தாழ்ப்பாள் திறக்கும். மார்னியின் டார்ச் இப்போது அதன்மேல்தான் விழுந்திருந்தது. ஈரம் புகாமலிருக்க டப்பா முழுக்கக் கண்ணாடி போன்ற பிசினை ஊற்றி இறுக வைத்திருந்தார்கள். பார்க்கலாம், தொட முடியாது. பிசினுக்குள்ளே நடுநாயகமாக, எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சிப். அதற்கு அடியில் ஒரு கறுப்புத் தகடு.

அந்த எட்டுக்காலிதான் ரூபன் டார்கவெலை ஹோபார்ட் சிறைக்கு அனுப்பியிருந்தது. ஹுவான்வில் கொட்டகைக் கிளப்பில் வியாழக்கிழமைதோறும் கூடி எதையாவது பற்றவைத்துக் கொண்டிருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியங்கள், கால்பந்து அணிக்குக் கட்சி கட்டுவதுபோல ஆளுக்கொரு சிப்புக்குக் கட்சி கட்டுவார்கள். எட்டுக்காலிக்குப் பள்ளத்தாக்கிலேயே ஒரே கட்சிக்காரன் ரூபன். மெர்விடம் வேலை பார்த்து, சண்டை போட்டு, வெளியே அனுப்பப்பட்டவனும் அவனேதான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? "என் வீட்டுக்காரர் முணுமுணுப்பாரே தவிர யாரையும் கொல்ல மாட்டார்" என்று அழுது, துப்பறிய மார்னியை வேலைக்கு அமர்த்தியவள் ரூபனின் மனைவி ஜோசி.

டப்பாவைப் பெயர்த்து எடுத்துப்போக ஹோபார்ட்டிலிருந்து ஆள் நாளைதான் வருவார். அதற்குள் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று, அறைகளைப் பராமரிக்கும் லயல் டிரிஃபிட்டிடம் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் உள்ளே நுழைந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஊர் ஜனம் மொத்தமும் மைதானத்தில் இருந்தது. கத்தினால் கேட்க ஒரு காக்கை இல்லை.

"போன்?" என்றாள் மார்னி.

"சிக்னல் சுத்தமா இல்ல. நாலு பக்கமும் தகரச் சுவர். சிக்னலே மூச்சு முட்டிச் செத்திருக்கும்."

"உன் லைட்டர்?"

"சிகரெட்டை விட்டாச்சு பாஸ்."

"லைட்டரைக் கேட்டேன்."

கிப்போ வழிந்துகொண்டே பாக்கெட்டிலிருந்து எடுத்தான். சிகரெட்டை விட்டவனுக்கு லைட்டரை விட மனசு வரவில்லை. பற்றவைத்தான். தீ நேராக, உயரமாக நின்றது.

"இதுதான் நமக்கு மீட்டர். இது எரியாமப் போச்சுன்னா, அப்புறம் நமக்குக் கொஞ்ச நேரம்தான்."

"அணைஞ்ச உடனேயே இல்லையே?"

"நெருப்பை விட மனுஷன் கொஞ்சம் பிடிவாதக்காரன்."

கிப்போவுக்கு அந்தக் கொஞ்சம் போதவில்லை. லிஃப்டில் ஏறுவதற்கே இரண்டு தடவை யோசிக்கிறவன் அவன். பெட்டிகள் போக மிச்சமிருந்த இடம் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கத்தான் காணும். அந்தப் பெட்டிகளிலிருந்த ஆயிரக்கணக்கான ஆப்பிள்களும் தன் காற்றையே உறிஞ்சுவதாக அவனுக்குத் தோன்றியது.

'தட் தட் தட்!'

கதவிலிருந்த சின்னச் சதுர ஜன்னலில் ஒரு முகம். லயல் டிரிஃபிட்! கம்பளித் தொப்பியும் நரைத்த மீசையுமாக, கண்கள் பதறிக்கொண்டிருந்தன. தடித்த பிளாஸ்டிக் வழியாக அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"பயப்படாதீங்க! தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டே இருக்காங்க! கேஸ் மிஷின் நிக்க மாட்டேங்குது, பாத்துக்கிட்டிருக்கேன்!"

"தெய்வமே!" கிப்போவுக்கு அவரை அந்த ஜன்னலோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. "லயல், நீங்க நல்லா இருக்கணும்!"

"மாப்ள, ஒண்ணு மட்டும் கேட்டுக்க! அந்த டப்பாவோட பிளக்கைப் பிடுங்கிடாதீங்க! கரன்ட் போச்சுன்னா தாழ்ப்பாள் அப்படியே இறுகிடும், ஆண்டவனாலயும் திறக்க முடியாது! ரூபன் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான், பாவி!"

"தொடவே மாட்டோம்!" என்று கிப்போ கையிரண்டையும் தூக்கிக் காட்டினான்.

மார்னி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை டப்பாவின்மேல் வைத்தாள். தீ விபத்து நடந்த வீடுகளில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருஷம் சாம்பலைக் கிளறியவள். அவள் எதையாவது தொட்டுப் பார்த்தால் அதில் ஏதோ இருக்கிறதென்று கிப்போவுக்குத் தெரியும்.

"கிப்போ, சுவரைப் பாரு."

"ஈரமா இருக்கு. குளிர் அறைன்னா அப்படித்தானே."

"டப்பாவைப் பாரு."

பார்த்தான். சுவர் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. டப்பாவின் மேல் ஒரு சொட்டு இல்லை. அவனும் கையை வைத்தான். கோழி அடை காத்துவிட்டு எழுந்துபோன முட்டையைப் போல வெதுவெதுவென்று இருந்தது.

"சூடா இருக்கு பாஸ். குளிர்காய நல்லா இருக்கு."

"கிளப்புல போய் மூணு வியாழக்கிழமை உக்காந்தோமே, என்ன கத்துக்கிட்ட?"

"சிப்பிக்கறி வச்சுச் சுடறாங்களே ஸ்காலப் பை, அதை ஆறிப்போறதுக்குள்ள எடுத்துடணும்."

"சிப் பொறுக்கறதைப் பத்தி."

"ஓ, அதுவா? ரூபனைப் பத்திக் கதை கதையாச் சொன்னாங்களே. எந்த வேலைக்குச் சிப் பொறுக்கினாலும் அந்த ஆள் மூணே கேள்விதான் கேப்பாராம். எத்தனை கால் வேணும்? எவ்வளவு பசி தாங்கும்? பேசத் தெரியணுமா, வேண்டாமா?"

"அந்த மூணையும் இந்த டப்பாகிட்ட கேளு. கால்?"

கிப்போ விரல் விட்டான். "கதவு மூடியிருக்கான்னு பாக்க ஒரு கால். தாழ்ப்பாளுக்கு ஒரு கால். எட்டுக்காலிக்கு இது தாராளம்."

"சரி. பசி?"

மார்னியின் டார்ச் டப்பாவிலிருந்து கிளம்பிய ஒயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது. ஒயர் ஒரு சார்ஜரில் போய் முடிந்தது. சார்ஜர் சுவர் பிளக்கில் செருகியிருந்தது. பெரிய டேப்லெட்டுகளுக்குப் போடும் தடித்த சார்ஜர்.

"தாழ்ப்பாளுக்கு வேண்டிய கரன்ட் தனியா அந்த இரும்புக் குழாய்ல வருது. இந்தச் சார்ஜர் டப்பாவுக்கு மட்டும். எட்டுக்காலிக்கு ரெண்டு பென்சில் பேட்டரி போட்டா வருஷக்கணக்கா முனகாம ஓடும். எறும்புக்கு யாராவது அண்டாவுல சோறு வடிப்பாங்களா?"

கிப்போவின் வாய் கொஞ்சம் திறந்தது. "அப்ப உள்ளே வேற ஒண்ணு இருக்கா?"

"மூணாவது கேள்வி. பேச்சு." டப்பாவின் மேல்மூலையிலிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பி கிளம்பி, சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது. "எட்டுக்காலி ஊமை. அதுக்கு ஏன் ஏரியல்? வெளியில இருக்கற வைஃபையோட யார் பேசறா?"

"அந்தக் கறுப்புத் தகடு..."

"அதுக்குக் கீழே ஒரு பெரிய போர்டு உக்காந்து தின்னுக்கிட்டிருக்கு. மேல தெரியற எட்டுக்காலி சும்மா, போலீஸ் கண்ணுக்கு வச்ச பொம்மை. இது ரூபன் வேலை இல்ல கிப்போ. ரூபனோட சிப்பை வாங்கி வைக்கத் தெரிஞ்சவனுக்கு, அதை வச்சு வேலை வாங்கத் தெரியல. தனக்குப் பழகினதைத்தான் அடியில ஒளிச்சு வச்சிருக்கான்."

கிப்போ லைட்டரைத் தட்டினான். தீ குட்டையாக, மஞ்சளாக வந்து நெளிந்தது.

"யார் பாஸ்? கிளப்புல பெரிய போர்டுக்குக் கட்சி கட்டறது..."

"கோழிக்கூடு" என்றாள் மார்னி.

கிப்போ பக்கென்று சிரித்துவிட்டான். கிளப்பில் அந்தக் கதையைச் சொல்லாதவர்களே கிடையாது. 'பெரிசா ஒண்ணு வாங்கிப் போட்டா எல்லாத்துக்கும் ஆகும்' என்று நாள் முழுக்கப் பேசுகிற ஒருவர், கோழிக்கூட்டுக் கதவைத் திறந்து மூடுவதற்கு, போனோடு பேசும் பெரிய போர்டு ஒன்றை மாட்டினார். ஊரில் ஒரு நாள் கரன்ட் போய்ப் போய் வந்தது. போர்டு ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் கூட்டுக் கதவு தானாக ஓர் உதறு உதறித் திறந்துகொண்டது. குவால் என்கிற, பூனை அளவுள்ள புள்ளிபோட்ட காட்டு மிருகம் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போய், இறகை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு வெளியே வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கோழிகளுக்குச் சொந்தக்காரர் பெயர் அவன் மூளைக்கு எட்ட ஒரு நொடி ஆயிற்று. மெதுவாக ஜன்னலைப் பார்த்தான். லயல் டிரிஃபிட் அங்கிருந்து கவலையோடு கையசைத்தார்.

"அப்ப தீயணைப்பு..."

"வராது."

கிப்போ ஆப்பிள் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். "கட்டிப்பிடிக்கணும்னு நினைச்சேனே பாஸ் அந்த ஆளை!"

"அப்புறம் பிடிக்கலாம். இப்ப காதைக் குடு." மார்னி குரலை இறக்கினாள். "அந்தக் கோழிக்கூட்டுக் கதவை உதற வச்சது போர்டோட ஒரு கால். கரன்ட் வந்து போர்டு கண் முழிக்கும்போது சில கால் தானா ஒரு உதை உதைக்கும். இந்தத் தாழ்ப்பாளையும் அதே கால்ல மாட்டியிருந்தான்னா, பிளக்கைப் பிடுங்கிப் போட்டா கண் சிமிட்டற நேரத்துக்குத் தாழ்ப்பாள் திறக்கும்."

"பிடுங்குங்க பாஸ்! இன்னும் என்ன யோசனை!"

"ஒயரை வேற கால்ல மாத்தியிருந்தான்னா? உதையும் கிடையாது, கதவும் கிடையாது. அதோட, பிடுங்கின உடனே அவன் போனுக்குத் தெரிஞ்சிடும். ஒரு கடப்பாரையைக் கதவுக்குக் குறுக்க மாட்டினான்னா முடிஞ்சுது. நம்ம கைல இருக்கறது ஒரே ஒரு சான்ஸ். அவன் காலை மாத்தினானா இல்லையான்னு முதல்ல தெரியணும்."

"அவனே சொல்வானா?"

"கேட்டா சொல்ல மாட்டான். திட்டினா சொல்லுவான். கிளப்பு ஆளுங்களைப் பார்த்தே இல்ல? பெண்டாட்டியைச் சொன்னாக்கூடப் பொறுத்துப்பாங்க, சிப்பைச் சொன்னாப் பொறுக்க மாட்டாங்க." அவள் பெட்டியிலிருந்து ஒரு பலகையைக் காலால் மிதித்துப் பெயர்த்து அவனிடம் நீட்டினாள். "இதைக் கதவிடுக்குல குடுத்து நெம்பிக்கிட்டே நில்லு. போன்ல ரெக்கார்டிங்கைப் போட்டு வை."

கிப்போ போனைத் தட்டி மேல்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பலகையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கொடுத்து நெம்பினான். மார்னி ஜன்னலருகே போனாள். மூச்சு வாங்கிக்கொண்டே, ஆனால் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தாள்.

"லயல்! தீயணைப்பு வர்றவரைக்கும் ஒரு சந்தேகம்!"

"பேசாதீங்க, காத்து செலவாகும்!"

"பரவாயில்ல! இந்த டப்பாவைப் பார்த்தா ரூபனைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு! எவ்வளவு சின்னச் சிப்! எவ்வளவு அழகான வேலை!"

லயலின் மீசை அசைந்தது. "அதுல என்ன அழகைக் கண்டீங்க? அந்தக் கஞ்சப்பயல் சல்லிக்காசு சிப்பை வாங்கிட்டு, ஒரு லைட்டை மினுக்கறதுக்கே ராப்பகலாக் கிடப்பான்!"

"ஆனா அது துடிக்காதே! கண் முழிக்கும்போது பச்சைப்பிள்ளை மாதிரி முழிக்கும்! உங்க பெரிய போர்டுல இந்த வேலையைச் செஞ்சிருக்க முடியுமா? முழிக்கும்போதே உதைக்கும், கதவு திறந்துக்கும், மெர்வ் பாட்டுக்கு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்!"

"யார் சொன்னா?" லயலின் மூச்சு ஜன்னலில் ஆவியாகப் படிந்தது.

"கிளப்பே சொல்லுது! லயலோட போர்டு கோழி காக்கக்கூட லாயக்கில்லைன்னு!"

"அது பழைய கதை! ரூபன் பரப்பிவிட்ட கதை! அந்த உதையை நான் என்னைக்கோ சரி பண்ணிட்டேன்! ஒயரைக்கூட மாத்தல! புரோகிராமோட முதல் வரியிலேயே அந்தக் காலைக் கட்டிப்போட்டுட்டேன்! அதுக்கப்புறம் ஒரு தடவை துடிச்சிருக்கா? கோழிக்கூட்டுல துடிச்சுதா? இதுல துடிச்..."

நின்றுவிட்டது.

ஜன்னலில் படிந்திருந்த ஆவி மெல்லக் கலைந்தது. அதற்குப் பின்னாலிருந்த முகத்தில் இப்போது கவலையோ பதற்றமோ இல்லை. அறைக்குள் 'ஸ்ஸ்ஸ்' மட்டும் கேட்டது.

"கெட்டிக்காரிதான் நீ" என்றான் லயல். மரியாதை போய்விட்டிருந்தது. "மெர்வும் இப்படித்தான். காத்து குறைஞ்சா அடிக்கற அபாய மணியைச் சோதிச்சியா, சோதிச்சியான்னு அரிச்சுக்கிட்டே இருந்தான். எத்தனையோ வருஷமா யாரும் கேக்காத கேள்வி. நான் பாத்துக்கற அஞ்சு தோட்டத்துலயும் ஒரு மணியைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லைன்னு கண்டுபிடிச்சுட்டான். என் பிழைப்பே போயிருக்கும். நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா? ரூபனோட டப்பா மூணு பேரைத் தின்னுடுச்சும்பாங்க."

முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. குழாயின் சீறல் இன்னும் உரத்தது. மிஷினைக் கூட்டிவிட்டிருந்தான்.

கிப்போ லைட்டரைத் தட்டினான். பொறி பறந்தது, தீ வரவில்லை. மறுபடி தட்டினான். வரவில்லை. தலைக்குள் வண்டு பறப்பதுபோல் இருந்தது. அம்மாவை நினைத்தான். பாக்கெட்டில் மிச்சமிருந்த பாதி ஸ்காலப் பையையும் நினைத்தான்.

"முடிஞ்சுது பாஸ். சரி பண்ணிட்டானாமே. முதல் வரியிலேயே கட்டிப்போட்டுட்டானாம்."

மார்னியைப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒயரை மாத்தலைன்னான், கேட்டியா? அதே கால்! புரோகிராம்ல கட்டிப்போட்டானாம். கால் உதைக்கறது புரோகிராம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிடா! தூக்கத்துல உதைக்கிறவனுக்கு முழிச்சப்புறம் புத்தி சொல்லி என்ன ஆகப்போகுது? ஊர்ல அதுக்கப்புறம் கரன்ட் போகல, அதான் துடிக்கல. நெம்பு!"

மார்னி குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். செருகினாள்.

'டக்.'

கதவு நடுங்கியது. கிப்போ முழுபலத்தையும் கொடுத்தான். பலகை ஈரத்தில் வழுக்கி, அவன் மூக்கு கதவில் இடித்தது. அதற்குள் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. வெளியே எங்கோ காலடிகள் நின்று, திரும்பி, ஓடிவர ஆரம்பித்தன.

"மறுபடி!"

பிடுங்கல், செருகல். 'டக்.' கதவு நூல் கனம் நகர்ந்து திரும்பவும் பிடித்துக்கொண்டது. வெளியே இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. கடப்பாரையை எடுத்துவிட்டான். கிப்போவின் கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. கை யாருடையதோ மாதிரி இருந்தது.

"பாஸ், முடியல..."

"கிப்போ! அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கணும்னியே, அவன் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான்!"

பிடுங்கல், செருகல். 'டக்.'

கிப்போ இந்த முறை பலகையை நம்பவில்லை. விரல்களை இடுக்கில் கொடுத்து, இரண்டாம் அணி மைதானத்தில் எதிராளிகளை மோதித் தள்ளியபோது கத்திய கத்தல் ஒன்றைக் கத்திக்கொண்டே இழுத்தான். கதவு தடதடவென்று ஓடித் திறந்தது. பகல் வெளிச்சம் முகத்தில் அடித்தது. கடப்பாரையைக் குறுக்கே மாட்டக் குனிந்திருந்த லயல் நிலை தடுமாற, கிப்போ அப்படியே அவன்மேல் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. வேறெதுவும் செய்ய அவனிடம் மூச்சு இல்லாததால், லயலின் முதுகிலேயே உட்கார்ந்துகொண்டான். மார்னி தவழ்ந்து வந்து வாசற்படியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் மூன்று பேருமே காற்றைக் குடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மழை பெய்து ஓய்ந்த மண் வாசனை. கிப்போவுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான்.

"ரெக்கார்டிங்" என்றாள் மார்னி, பேச்சு வந்ததும்.

கிப்போ போனை எடுத்தான். திரை கறுப்பாக இருந்தது. அமுக்கினான். குலுக்கினான். அறையின் குளிரில் பேட்டரி எப்போதோ படுத்துவிட்டிருந்தது.

கீழேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "ஒண்ணும் பதிவாகலையா?" என்றான் லயல், நசுங்கிய குரலில். "நான் உங்களைக் காப்பாத்த ஓடி வந்தவன். டப்பாவுல இருக்கறது எட்டுக்காலி. அடியில இருக்கற போர்டு யாருதுன்னு எப்படிச் சொல்லுவ? கடையில யார் வேணா வாங்கலாம். எங்க, நிரூபி பாக்கலாம்."

கிப்போ மார்னியைப் பார்த்தான். அவள் எதற்கோ காத்திருப்பவள்போல் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறைக்குள்ளே, கடைசியாகச் செருகிய பிளக் செருகியபடியே இருந்தது.

'டிங்!'

சத்தம் கிப்போவின் தொடைக்கு அடியிலிருந்து வந்தது. லயலின் கால்சட்டைப் பாக்கெட். லயல் நெளிந்தான், திமிறினான். கிப்போ இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தான். மார்னி கையை விட்டுப் போனை எடுத்து, ஒளிர்ந்த திரையைச் சத்தமாகப் படித்தாள்.

"'நாலாம் அறை. கதவு திறந்தது.'"

லயலின் சிரிப்பு அடங்கியது.

"உன் போர்டு கண் முழிச்சதும் முதல் வேலையா வைஃபையைப் பிடிச்சு உனக்குச் சொல்லிடுச்சு, லயல். இன்னைக்கு எங்களைப் பூட்டினதையும் சொல்லியிருக்கும். மெர்வ் உள்ளே போனதும் பூட்டினதைச் சொல்லாமலா இருந்திருக்கும்?" மார்னி போனைத் தன் கோட்டுப்பைக்குள் பத்திரமாக வைத்தாள். "நீ பொம்மையா வச்சியே, அந்த எட்டுக்காலியையே நிஜமாப் போட்டிருந்தா, அது யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசியிருக்காது. முழிக்கும்போது உதைச்சுமிருக்காது. நாங்க உள்ளேயே செத்திருப்போம், ரூபன் ஜெயில்லயே கிடந்திருப்பான். நீதான் பசிக்கிறதா, உதைக்கிறதா, வாயுள்ளதாப் பார்த்துப் பொறுக்கின."

கிப்போ பாக்கெட்டிலிருந்த ஸ்காலப் பையை எடுத்துக் கடித்தான். ஆறிப்போயிருந்தது. அவன் வாழ்க்கையில் அத்தனை ருசியாக எதையும் தின்றதில்லை. மார்னி எழுந்து, பேக்கிங் கொட்டகையிலிருந்த போனை நோக்கி நடந்தாள். முதலில் போலீஸ், அப்புறம் ஜோசி.

"மார்னி!" லயலின் குரல் அவளை நிறுத்தியது. கன்னம் ஈர மண்ணில் அழுந்தியிருக்க, அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தான். கொலை, ஜெயில் எதுவும் அந்த முகத்தில் இல்லை. கிளப்பில் வியாழக்கிழமை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அதே முகம்.

"முதல் வரியிலயே கட்டியும் எப்படி உதைச்சுது? எந்தக் கால்ல போட்டிருந்தா உதைச்சிருக்காது?"

"ரூபனைக் கேளு" என்றாள் மார்னி. "நாளைக்கு அவன் வெளியே வர்ற அதே வாசல் வழியாத்தான் உன்னை உள்ளே கூட்டிட்டுப் போவாங்க."